ஏறாத எழுத்து

"இது என்ன எழுத்து? சொல்லு, சொல்லு, அப்பாவுக்குச் சொல்லு பார்க்கலாம்!"

வாஷிங் மெஷின் மெக்கானிக் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றை வளைத்துச் சுருட்டிச் செய்த 'க'வை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தான். எதிரே அவனுடைய நாலரை வயது மகள். வீட்டில் அவளைக் கடுகு என்று கூப்பிடுவார்கள். ஆள்தான் சிறிசு, காரம் குறைவில்லை என்பதை முதல் பிறந்த நாளிலேயே நிரூபித்துவிட்டாள்.

கடுகு 'க'வைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடியும் 'க'வைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஓடி வந்து, அவன் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு இறுக்கினாள்.

மெக்கானிக் உருகிப்போனான். பெற்ற மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டால் எவன்தான் உருகமாட்டான்?

"அப்பா மேல அவ்வளவு ஆசையாடா கண்ணு?"

கடுகு விலகி நின்று அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவன் இன்னும் எதையோ சொல்ல வேண்டும் என்று காத்திருப்பது போல இருந்தது. கையிலிருந்த குழாய் நழுவி, நேராகி, குழாயாகவே தரையில் கிடந்தது. முதல் நாள் பாடம் அத்தோடு முடிந்தது.

பாடம் நடத்துகிற வேலை அவன் தலையில் விழுந்தது அன்று காலையில்தான். அவன் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. புதிதாக வந்த இயந்திரத்தைப் பழகிக்கொள்ள பத்து நாள் பயிற்சி என்று வெளியூருக்கு அனுப்பினார்கள். பத்தாவது நாள்தான் பள்ளிக்கூடத்தில் கடுகை அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். இருப்பது கொஞ்சம் இடம். எழுத்துகள் அடையாளம் தெரிந்த குழந்தைகளுக்கு முதலில். வீட்டுச் சுவரில் ஒட்டிய எழுத்து அட்டையையோ கடுகு ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை.

"மூணே மூணு விதிதான்," என்று ஒரு கையில் பெட்டியும் இடுப்பில் கடுகுமாக வாசலில் நின்று சொன்னாள் மனைவி. "அடிக்கக் கூடாது. திட்டக் கூடாது. முக்கியமா, விடையைச் சொல்லவே கூடாது. சொல்லிட்டா மனப்பாடம் ஆயிடும், மண்டையில நிக்காது. விளையாட்டு விளையாட்டா குறிப்பு மட்டும் காட்டணும். கத்துக்கிறவங்க தானாக் கண்டுபிடிக்கணும்."

"இதெல்லாம் யார் சொன்னது?"

"படிச்சேன். நீங்களும் எதையாவது படிச்சாத்தானே தெரியும்!"

இடுப்பிலிருந்த கடுகு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். விதிகளைக் கேட்டுக்கொள்ள வேண்டியவனைவிட அதிகமாகவே ஆட்டினாள்.

'அடிக்கக் கூடாது' என்று மனைவி அவனிடம் சொல்லியிருக்கவே வேண்டாம். முதல் வகுப்பை மூன்று வருடம் படித்தவன் அவன். எழுத்து என்றால் அவனுக்குப் பிரம்பு. பிரம்பு என்றால் எழுத்து. "கல்லுல நார் உரிச்சாலும் உரிக்கலாம், இந்த மக்கு மண்டையில எழுத்து ஏறாது" என்று வகுப்பின் முன்னால் நிற்கவைத்துச் சொன்ன வாத்தியாரின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. பத்து வயதுக்கு மேல் எப்படியோ ஏறிவிட்டது. இப்போது எந்த மெஷினோடு எந்தப் புத்தகம் வந்தாலும் ஒரு மூச்சில் படித்துவிடுவான். ஆனால் எழுத்தின் மேல் பிரியம் வரவில்லை. கடுகுக்குக் கதைப் புத்தகம் காட்டும்போதுகூட, எழுத்தைத் தொடமாட்டான்; படத்தைப் பார்த்து, வாய்க்கு வந்த கதையைச் சொல்லிவிடுவான்.

மகள் எழுத்து அட்டையைத் திரும்பிப் பார்க்காமல் போகும்போதெல்லாம் அவனுக்கு ஒரு பயம் வரும். மூக்கு அம்மா மாதிரி, கண் அம்மா மாதிரி. மண்டை மட்டும் நம்முடையது வந்துவிட்டதோ?

இதை அவன் மனைவியிடம் சொன்னதில்லை.

காலையில் அவன் வீடு வீடாக ரிப்பேருக்குப் போய்விட்டு மதியம் திரும்புவான். அதுவரை கடுகு மாடி வீட்டுத் தையல்கார அக்காவிடம் இருப்பாள். ஒரு வருடமாக இதுதான் ஏற்பாடு. பாடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

இரண்டாம் நாள், குழாயை நம்பாமல் மெஷின் பெல்ட்டைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி 'வ' செய்தான்.

"இது என்ன?"

கடுகு அதைப் பார்த்தாள். வாயைப் பொத்தினாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடா? வயிறு வலிக்குதா?"

கடுகு தலையை இடமும் வலமும் ஆட்டினாள். ஆனால் கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்துக் காட்டினாள்.

"வலிக்குதுன்னா சொல்லணும்டா. அம்மா ஊர்ல இல்ல."

அவள் பொறுமையாக நடந்து வந்து, அவனுடைய வயிற்றில் ஒரு விரலை வைத்து நாலு தடவை குத்தினாள்.

"எனக்கு வலிக்கல, உனக்குத்தான் வலிக்குது," என்றான் மெக்கானிக். வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வைத்திய வேலையில் இறங்கினான். இனிப்பு கிடையாது, பொரித்தது கிடையாது, பேசாமல் படுக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் நாலு டம்ளர்.

நாலு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்த குழந்தை என்ன செய்யுமோ அதைக் கடுகு செய்தாள். மறுநாள் மெத்தை மாடிக் கைப்பிடிச் சுவரில் காய்ந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அவனும் எல்லாருக்கும் பதில் சொன்னான்.

மூன்றாம் நாள் 'மு'. பருத்தித் துணியில் வெட்டி, உள்ளே பஞ்சு அடைத்து, தலையணை மாதிரி மெத்தென்று செய்திருந்தான். கடுகு அதை வாங்கி மடியில் வைத்துத் தடவினாள். மெக்கானிக்கின் நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது.

"என்ன எழுத்து அது?"

கடுகு எழுந்தாள். திரும்பினாள். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"கடுகு, இந்தப் பக்கம் பாரு."

பார்க்கவில்லை. முதுகை இன்னும் கொஞ்சம் அவன் முகத்தருகே நகர்த்தினாள்.

"வெந்நீர் குடுத்ததுக்குக் கோபமா? இனிமே குடுக்கமாட்டேன். அப்பாகிட்ட இப்படி மூஞ்சியத் திருப்பிக்கலாமா?"

முதுகு அசையவில்லை. கடைசியில் அவன் மன்னிப்புக் கேட்டு, யானையாகி, வீட்டைச் சுற்றி ஆறு தடவை அவளைச் சுமந்தான். யானைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டு ரிப்பேர் தள்ளிப்போனது.

நான்காம் நாள் தன் தொழில் முறைக்கே வந்தான். எந்த மெஷினாக இருந்தாலும் அவன் முதலில் திருப்புளியைத் தொடமாட்டான். புகார் நோட்டை எடுப்பான். என்ன பொத்தானை அமுக்கினால் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதுவான். எழுதி முடித்துப் பார்த்தால் கோளாறு தானே கண்ணில் படும். இருபது வருடத்தில் இந்த முறை அவனைக் கைவிட்டதில்லை. குழந்தை மட்டும் என்ன, பொத்தான் வெளியே தெரியாத மெஷின்தானே?

நோட்டைத் திறந்து எழுதினான். 'க: கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆசை. வ: வயிற்றைப் பிடித்தாள். வலி. மு: முதுகைத் திருப்பினாள். கோபம்.'

கடுகு வந்து எட்டிப் பார்த்தாள். அவன் கையெழுத்து, வேகத்தில் எழுதினால் மருந்துச் சீட்டுக்கு அண்ணன்.

"அப்பா, இது என்ன படம்? கோழியா?"

"ஆமா, கோழி. போய் விளையாடு," என்றான் நினைவில்லாமல்.

கடுகு ரொம்ப நேரம் அந்தக் கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள்.

ஐந்தாம் நாள் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. இந்தக் கதையில் அவனுக்கு வந்த யோசனைகளிலேயே சிறந்தது அதுதான். அதனால் விளைவும் அதற்குத் தகுந்தபடியே இருந்தது.

அடுத்த தெரு வக்கீலின் மெஷின் ரிப்பேர் முடிந்து முன்னறையில் நின்றிருந்தது. முன்னால் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்தது. தையல்கார அக்காவிடம் சிவப்புத் துணித் துண்டுகள் வாங்கி, முப்பது எழுத்துகளை வெட்டி அதற்குள் போட்டான். கையால் சுற்றினால் எழுத்துகள் மீன் மாதிரி நீந்தும். கடுகு கையை விட்டு ஒரு மீனைப் பிடிக்க வேண்டும்.

"வீசினேன் வலையை! என்ன மீன் சிக்கிச்சு?"

கடுகு 'மா'வைப் பிடித்தாள். கண்கள் மின்னின. வாய் திறந்தது. உடனே அதைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் 'மா'வைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் மார்பில் பட் பட் என்று அடித்துக்கொண்டாள்.

மெக்கானிக் பதறிப்போனான். "ஐயையோ, வேண்டாம்டா! எழுத்தே வேண்டாம்! மாரில அடிச்சிக்கிற அளவுக்கு அப்பா என்னடா பண்ணிட்டேன்?"

அவளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய் மனைவிக்குப் போன் போட்டான்.

"எல்லாம் நல்லாத்தான் போகுது," என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பிக்கிற எந்தக் கணவனும் எந்த மனைவியிடமும் தப்பித்ததில்லை.

"எத்தனை எழுத்து சொன்னா?"

"சொல்றதுன்னா... வாயைத் திறந்து சொல்லல. ஆனா ஆர்வம் இருக்கு."

"ஒண்ணுகூடவா சொல்லல? அடிச்சீங்களா?"

"அவதான் அவளையே அடிச்சிக்கிறா."

போனில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு மனைவி சொன்னாள். "இங்க பாருங்க. நீங்க ஒரு எழுத்தைக் காட்டி, வேணும்னே தப்பாச் சொல்லுங்க. பிள்ளைங்களுக்குப் பெரியவங்க தப்புப் பண்ணினா பொறுக்காது. டக்குன்னு திருத்திடும்."

இந்த ஆலோசனையை அவன் கேட்டுக்கொண்டிருந்தபோதே, வக்கீல் அனுப்பிய வண்டிக்காரர் வந்து, வாசலிலிருந்தே குரல் கொடுத்துவிட்டு, மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இருபத்தொன்பது மீன்களும் உள்ளேயே இருந்தன.

மறுநாள் காலையில் வக்கீல் வந்தார். மெக்கானிக் அப்போதுதான் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான். வக்கீல் கையில் ஒரு சட்டை. நேற்றுவரை வெள்ளை. இன்று இளம் ரோஜா நிறம். முதுகில் மட்டும், நல்ல சிவப்பில், பெரிதாக ஒரு 'பூ'.

"பதினோரு சட்டை!" என்றார் வக்கீல். நீதிமன்றத்தில் அவர் இவ்வளவு சத்தமாகப் பேசியிருந்தால் இன்னும் நாலு வழக்கு ஜெயித்திருப்பார். "ஒரு சட்டை விடாம! இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படி வாதாடுறது? மெஷினுக்குள்ள என்னய்யா போட்டே?"

"எழுத்து சார்..."

"எழுத்தா? எதுக்கு?"

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் கடுகு நடுவில் வந்து நின்றாள். வக்கீலின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்தார். அவள் அவர் காதோரம் கையைக் குவித்து எதையோ சொன்னாள். நிறைய சொன்னாள். ஒரு இடத்தில் நிறுத்தி, அப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மேலே சொன்னாள்.

வக்கீல் நிமிர்ந்தார். முகம் மாறியிருந்தது. சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மெக்கானிக்கின் தோளில் கையை வைத்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா," என்றார் தணிந்த குரலில். "இதுல வெட்கப்பட என்ன இருக்கு? விடாம முயற்சி பண்ணு. சட்டை கிடக்குது, போ."

அவர் போன பிறகு மெக்கானிக் கேட்டான். "என்னடா சொன்னே அவர்கிட்ட?"

கடுகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிள்ளைக்கு எழுத்து ஏறாதது அடுத்த தெரு வரை தெரிந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான். சோறு இறங்கவில்லை.

ஏழாம் நாள், மனைவி சொன்ன தந்திரம். அட்டையில் பெரிதாக 'இ' எழுதிப் பிடித்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்தான்.

"அப்பாவுக்கு இது தெரியுமே! இது 'ட' தானே?"

கடுகு திகைத்து நின்றாள். பிறகு இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

தந்திரம் வேலை செய்கிறது என்று மெக்கானிக்குக் குஷி பிறந்தது. "இல்லையா? அப்போ 'ப'! 'ப'தான்!"

கடுகு இடுப்பில் வைத்த கையை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்போ... 'ஞ'!"

கடுகின் உதடு பிதுங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அழுதுவிடுவாள் என்று அவன் பயந்தபோது, அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கிட்டே வந்தாள். அவன் தலையை மெதுவாகத் தடவினாள்.

"பரவாயில்லப்பா," என்றாள். "நாளைக்கு வரும்."

மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினான். தன்னால் முடியவில்லையே என்று இந்தப் பிஞ்சுக்கு எவ்வளவு துக்கம்! அப்படியும் அப்பாவுக்கு ஆறுதல் சொல்கிறதே! அவன் முதல் வகுப்பில் மூன்றாவது வருடம் உட்கார்ந்திருந்தபோது யாரும் அவனிடம் 'நாளைக்கு வரும்' என்று சொன்னதில்லை. யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் வந்திருக்கும் என்று இப்போதும் அவனுக்குத் தோன்றுவதுண்டு.

எட்டாம் நாள், பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகத் தனக்கு ஒரு நல்ல சட்டை தைக்கக் கொடுக்கலாம் என்று மாடிக்குப் போனான். பாடம்தான் இல்லை, பகட்டாவது இருக்கட்டும்.

படிக்கட்டுச் சுவரில் ஏதோ அறிவிப்பு ஒட்டியிருந்தது. வாசலில் நின்றிருந்த தையல்கார அக்கா, அவன் வருவதைப் பார்த்ததும் வேகமாக இறங்கி வந்து, அறிவிப்பின் மேல் விரலை வைத்தார்.

"தம்பி, 'வெள்ளிக்கிழமை காலையில தண்ணித் தொட்டி கழுவுவாங்க, தண்ணி வராது'ன்னு போட்டிருக்கு," என்று ஒவ்வொரு வார்த்தையாக விரலை நகர்த்திப் படித்தார்.

"சரிக்கா," என்றான். புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார், அதுதான் எதைப் பார்த்தாலும் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

அக்கா அளவெடுத்தார். கடுகு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூல் மேல் நின்றாள். அக்கா காதில் செருகிய பென்சிலை எடுத்து, எண்ணெய்க் கறை படிந்த அளவுப் புத்தகத்தில் எழுதினார். தொழிலில் அவசரம், முழு வார்த்தைக்கு நேரமேது? ஒவ்வொரு அளவுக்கும் முதல் எழுத்து, பக்கத்தில் எண், அவ்வளவுதான். கடுகு அதை எட்டி எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் புத்தகம்னா இவளுக்கு உயிர்," என்றார் அக்கா. "தினமும் இதையும் என் நோட்டுங்களையும் வச்சுக்கிட்டுத்தான் விளையாட்டு."

"அங்க கிறுக்காம இருந்தாச் சரி," என்றான் மெக்கானிக். அவன் மனது எங்கேயோ இருந்தது. "எட்டு நாள்ல ஒரு எழுத்துகூட ஏறலக்கா. எனக்குப் பயமா இருக்கு."

அக்கா நாடாவைச் சுருட்டினார். ஏதோ சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார்.

"மனசைத் தளரவிடாதீங்க தம்பி. இந்த வயசுல ஏறுமா ஏறாதான்னு ஒரு கணக்கும் கிடையாது. எந்த வயசுலயும் ஏறும். கூட இருக்கறவங்க கேலி பண்ணக் கூடாது, அவ்வளவுதான். நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் கடைசி முயற்சி. தோசைக்கல் அளவுக்கு அட்டை வெட்டி, 'தோ' என்று எழுதிக் காட்டினான். கடுகு தோளைத் தூக்கிக் குலுக்கினாள். எனக்கென்ன தெரியும் என்று பெரியவர்கள் செய்வதைப் போலவே. இரண்டாவது தடவை காட்டினான். மறுபடி குலுக்கினாள். மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை. அட்டையை மடித்துப் பரணில் போட்டுவிட்டு, நோட்டில் எழுதினான். 'தோ: தோளைக் குலுக்கினாள். கைவிட்டுவிட்டாள்.'

மனைவிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னான். எழுத்து ஏறவில்லை என்றும், அது தன் மண்டை என்றும், முதல் வகுப்பு மூன்று வருடக் கதையையும் சேர்த்துச் சொன்னான். கல்யாணமாகி ஏழு வருடத்தில் முதல் தடவையாக.

"இதை ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல?" என்றாள் மனைவி.

"வெட்கமா இருந்துச்சு."

"இடம் கிடைக்கலைன்னா போகட்டும்ங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நாளைக்கு அவ முன்னாடி முகத்தைத் தூக்கி வச்சுக்காதீங்க. சாயங்காலம் வந்துடுவேன்."

பத்தாம் நாள் காலை, புதுச் சட்டையும் பாக்கெட்டில் பேனாவும் கையில் வேலைப் பெட்டியுமாக மெக்கானிக் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். தலைமையாசிரியை கடுகை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டார். கூட ஆயா ஒருவர் போனார். கதவு சாத்தப்பட்டது.

உள்ளே போகும் முன் கடுகு திரும்பி அவனுக்குக் கையாட்டினாள். கவலைப்படாதே என்கிற மாதிரி இருந்தது.

சொல்ல வேண்டியதை அவன் மனதுக்குள் ஒத்திகை பார்த்தான். 'மேடம், பிள்ளைமேல தப்பு இல்ல. மண்டை என்னோடது. திட்டாம பொறுமையாச் சொல்லிக்குடுத்தா ஏறிடும்.' மூன்று தடவை சொல்லிப் பார்த்தான்.

கதவு திறந்தது. தலைமையாசிரியை அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மேடம், பிள்ளைமேல..."

"உங்க பொண்ணு அத்தனை எழுத்தும் சொல்லிட்டா," என்றார் அவர். "சொன்னதோட நிக்கல. 'தீயணைப்புக் கருவியைத் தொடாதீர்கள்'னு சுவர்ல இருக்கறதையும் படிச்சுட்டா. இடம் உறுதி."

மெக்கானிக்குக் காது இரைந்தது. "எங்க பொண்ணா மேடம்?"

"அவளேதான். மாடி வீட்டுத் தையல்காரம்மா அளவுப் புத்தகத்துல இருந்து கத்துக்கிட்டாளாம். 'க'ன்னா கழுத்து, 'இ'ன்னா இடுப்பு, 'தோ'ன்னா தோள்னு தொட்டுத் தொட்டுக் காட்டுறா. நாங்க சிரிச்சு முடியல."

மெக்கானிக் கையை மேஜைக்கடியில் விட்டு, பெட்டியிலிருந்த புகார் நோட்டை மெல்லத் திறந்தான். 'க: கழுத்தை. வ: வயிற்றை. மு: முதுகை. மா: மார்பில். இ: இடுப்பில். தோ: தோளை.' மேலிருந்து கீழ்வரை பார்த்தான். கீழிருந்து மேல்வரை பார்த்தான். ஒன்பது நாளாக அந்தக் குழந்தை ஒரு கேள்விக்குக்கூடத் தப்பான பதில் சொல்லவில்லை.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. மண்டை தன்னுடையது இல்லை. அது போதும். மற்றதெல்லாம் எக்கேடு கெட்டும் போகட்டும்.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் என்னை இந்தப் பாடு படுத்தினியாடா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

கடுகு அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"படிவத்தை நானே நிரப்பிட்டேன்," என்றார் தலைமையாசிரியை. அவர் ரொம்ப நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுவதை அப்போதுதான் அவன் கவனித்தான். "நீங்க சிரமப்பட வேண்டாம். கீழே உங்க ஒப்புதல் மட்டும் போதும்."

மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, புதுச் சட்டைப் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான்.

பக்கத்தில் வந்து நின்ற ஆயா, அந்தப் பேனாவைப் பக்குவமாக அவன் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, மை தடவும் பெட்டியைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தி, யாருக்கும் கேட்காதபடி குனிந்து சொன்னார்:

"கூச்சப்படாம கட்டைவிரலை வைங்க சார், பாப்பா எங்ககிட்ட எல்லாம் சொல்லிடுச்சு: நீங்க தினமும் 'இது என்ன, இது என்ன'ன்னு கேக்குறீங்களாம், பாப்பாவும் விடையைச் சொல்லாம விளையாட்டு விளையாட்டா குறிப்புக் காட்டிக்கிட்டே இருக்குதாம், உங்களுக்குத்தான் இன்னும் ஒரு எழுத்துகூட ஏறலையாம், 'எங்கப்பா மக்கு இல்ல, திட்டாம சொல்லிக்குடுத்தா வந்துடும்'னு சொல்லி, மேடம்கிட்ட உங்களுக்கும் ஒரு இடம் கேட்டிருக்குது."